வின்சன்ற்றின் கண் அட்டை

வின்சன்ற்றை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பிடித்தது. டார்ம்ஸ்டாட்டில் உள்ள எங்கள் ஆட்களில் அவனைப் பிடிக்காதவர் என்று அப்போது ஒருவரும் இல்லை. கேட்டதையெல்லாம் தலையாட்டிச் செய்து கொடுக்கிற ஒருவனை யாருக்குத்தான் பிடிக்காது?

மன்னார் பேசாலைக்காரன். தகப்பன் இராயப்பு கடற்றொழில் செய்தவர். எண்பத்தெட்டில், இருபத்திரண்டு வயதில், ஜேர்மனிக்கு வந்தான். அகதி முகாமில் ஒன்றரை வருடம், உணவகங்களில் பாத்திரம் கழுவி ஆறு வருடம், அதன் பிறகு மருத்துவமனைத் துணிகளை வெளுக்கிற தொழிற்சாலையில் வேலை. அந்த வேலை நிரந்தரமாவதற்கு முப்பத்தாறு மாதம் பிடித்தது. அந்த மூன்று வருடமும் அவன் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் ஜேர்மன் குடியுரிமை கிடைத்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். என் பெயர் மகேந்திரராஜா. நீதிமன்றத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்ப்பது என் தொழில்.

அந்த வருடங்களில் எங்கள் சனத்துக்கு ஒரு காய்ச்சல் பிடித்திருந்தது. ஜேர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்த அடுத்த மாதமே பிள்ளைகளை இங்கிலீஸ் படிப்பிக்கவென்று லண்டனுக்குக் கட்டுச்சாமானோடு கிளம்புகிற காய்ச்சல். வின்சன்ற்றின் மனைவி புஷ்பமலருக்கும் அது தொற்றியது. இரண்டாயிரத்து மூன்றில் மகன் ஜெனிஸ்டனையும் மகள் நடாலியையும் கூட்டிக்கொண்டு ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள். நடாலிக்கு அப்போது ஐந்து வயது. வின்சன்ற் மட்டும் இங்கே நின்றான். முப்பத்தேழு வயதில் இங்கிலீஸ் தெரியாதவனுக்கு லண்டனில் என்ன நிரந்தர வேலை கிடைக்கும்? லண்டன் வாடகையைக் கட்டியது டார்ம்ஸ்டாட் சம்பளம்தான்.

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை, அவன் லண்டனுக்குப் பறப்பான். வேலை மூன்றரைக்கு முடியும். விமானம் ஐந்தேகாலுக்கு. அதில் ஏறினால் நடாலி படுக்கப் போவதற்கு முன் ஈஸ்ட்ஹாம் போய்ச் சேரலாம். அதைத் தவறவிட்டால் அவன் காசுக்குக் கட்டுப்படியாகிற அடுத்த விமானம் சனி காலையில்தான். ஞாயிறு பின்னேரம் திரும்பவேண்டும். ஆகவே வெள்ளி போனால் பிள்ளைகளோடு இருக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அவன் வாழ்க்கை முழுவதும் அந்த ஐந்தேகால் விமானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடவுச்சீட்டுக் கூண்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? அவனுடைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எப்போது குடியுரிமை எடுத்தாய், ஏன் அடிக்கடி போகிறாய், மனைவி ஏன் அங்கே, நீ ஏன் இங்கே. இரண்டாயிரத்து ஐந்து ஜூலையில் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த பிறகு அது இன்னும் மோசமானது. முன்னால் போகிற வெள்ளைக்காரன் சீட்டைக் காட்டிக்கொண்டே நடப்பான். வின்சன்ற்றை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அந்தக் கோடையில் மூன்று தடவை விமானத்தைத் தவறவிட்டான். மூன்றாம் தடவை டெலிபோனில் நடாலி அழவில்லையாம். "சரி" என்று மட்டும் சொன்னாளாம். அதுதான் அவனை உலுக்கிவிட்டது.

அப்போதுதான் அந்த அட்டை வந்தது. அடிக்கடி பறக்கிறவர்களுக்காக விமான நிலையத்தில் ஒரு தனியார் நிறுவனம் 'நம்பிக்கைக்குரிய பயணி' என்று ஓர் அங்கத்துவம் தொடங்கியது. கண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு வரிசையும் இல்லை, கேள்வியும் இல்லை. தனி வழியில் போய் ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்றால் கதவு திறக்கும். இரண்டு வருடத்துக்குத் தொண்ணூற்றைந்து யூரோ. நம்பிக்கைக்கும் விலை போட்டு விற்கிறார்கள் என்று நான் சத்தம் போட்டேன். பதினேழு வருடம் ஒரு நாட்டில் இருந்து அதன் அழுக்குத் துணியை வெளுத்தவன், அதே நாட்டின் குடிமகன், தன்னைச் சந்தேகிக்காமல் விடுவதற்குக் கைக்காசு கட்டவேண்டும். இதைவிட மானங்கெட்ட வியாபாரம் எனக்குத் தெரியாது. வின்சன்ற் காசைக் கட்டினான். எங்கள் ஆட்கள் அதற்குக் கண் அட்டை என்று பெயர் வைத்தார்கள்.

இனிமேல்தான் எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மில் ஒருவர் பயணம் போகிறார் என்றால் அவர் பை பொதுச்சொத்து. போகிற செய்தி காதில் விழுந்ததும் பார்சல் வந்து நிற்கும். லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு மிளகாய்த்தூள், மருமகளுக்குத் தைத்த சட்டை, மச்சாளுக்கு ஜேர்மன் சட்டி. வேண்டாம் என்று சொல்லமுடியாது. சொன்னால் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை முறிந்துவிடும். விமான நிலையத்தில், "பையை நீங்களே அடுக்கினீர்களா? வேறு யாராவது ஏதாவது தந்தார்களா?" என்று கேட்பார்கள். மூன்று வீட்டுச் சாமானைச் சுமந்துகொண்டு "இல்லை" என்று சொல்வோம். எல்லோரும் சொல்வோம். அதை ஒருவரும் பொய் என்று நினைப்பதே இல்லை.

கேள்வி கேட்காத வழியால் போகிற ஒருவன் கிடைத்தால் விடுவார்களா? டார்ம்ஸ்டாட் மட்டுமல்ல, பக்கத்து ஊர்களிலிருந்தும் வியாழக்கிழமைகளில் வின்சன்ற்றின் கதவடியில் பைகள் வந்தன. முன்னணியில் நின்றவர் கமலாம்பிகை அக்கா. கோயில் காரியங்களில் தலைமை தாங்கிப் பழகியவர். ஒரு தடவை லண்டன் மகளுக்கு ஏழு லீற்றர் பிரஷர் குக்கர் கொடுத்துவிட்டார். கைப்பைக்குப் பத்துக் கிலோதான் கணக்கு. வின்சன்ற் தன் உடுப்புகளை எடுத்துவிட்டுக் குக்கரை வைத்தான். குக்கருக்கு உள்ளே இடம் சும்மா கிடக்கிறதே என்று அதற்குள் கருவாடு வைத்து அடைத்திருந்தார் அக்கா.

அந்த மார்கழியில் நடாலி தன் பனிச்சப்பாத்தைக் கேட்டிருந்தாள். இங்கே அலுமாரிக்குள் கிடந்த சிவப்புச் சோடி. முதல் பயணத்தில் பையில் இடமில்லை. அடுத்த பயணத்திலும் இல்லை. மாசி முடிவில்தான் கொண்டுபோனான். காலுக்குப் போடமுடியவில்லை, வளர்ந்துவிட்டாள். இதை அவன் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். கேட்ட எனக்குக் கமலாம்பிகையின் குக்கரைத் தூக்கி வீதியில் எறியவேண்டும்போல் இருந்தது.

லண்டன் பக்கத்திலும் இதே கூத்து. சனி விடிந்ததும் பார்சல் எடுக்க ஆட்கள் வரத்தொடங்குவார்கள். வந்தவர் சும்மா போவாரா? தேத்தண்ணி, பலகாரம், ஊர்ப்புதினம். போகும்போது ஜேர்மனிக்குக் கொண்டுபோக எதிர்ப்பார்சல். "நான் இஞ்ச வீடு நடத்துறனோ, தபால்கந்தோர் நடத்துறனோ?" என்று புஷ்பமலர் டெலிபோனில் என் மனைவியிடமே கேட்டாள். வெள்ளிக்கிழமையை வாங்குவதற்கு அவன் காசு கட்டினான். நாங்கள் அவனுடைய சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டோம்.

இரண்டாயிரத்து ஏழு இலையுதிர் காலத்தில் அங்கத்துவம் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டணம் இப்போது நூற்று நாற்பத்தெட்டு யூரோ. அதோடு காவல்துறையின் நற்சான்றிதழ், வேலை கொடுப்பவரின் கடிதம், நேர்முகத்துக்கு அரைநாள் லீவு. இரண்டு வருடம் ஒரு குற்றமும் இல்லாமல் கண்ணைக் காட்டிக்கொண்டு போனவனிடம், உன்னை நம்புவதற்கு இன்னும் ஐம்பத்து மூன்று யூரோ கூட வேண்டும் என்கிறார்கள். விண்ணப்பம் அனுமதிக்கப்படாவிட்டாலும் காசு திரும்பாதாம். கடிதத்தை வாசித்துவிட்டு நான் பல்லைக் கடித்தேன்.

அவன் அந்த மாதம் நடாலியின் பாடசாலைச் சுற்றுலாவுக்குக் காசு அனுப்பியிருந்தான். அட்டையைப் புதுப்பிப்பதா விடுவதா என்று யோசிக்கிறான் என்ற கதை எப்படியோ வெளியே போய்விட்டது. மூன்றாம் நாள் கமலாம்பிகை அக்கா வீடு வீடாகப் போய்ப் பத்துப் பத்து யூரோவாகச் சேர்த்துக் கடித உறையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"இந்தா வின்சன்ற், ஒண்டுக்கும் யோசியாதையும். இது எங்கட எல்லாரின்ரையும் அட்டை மாதிரித்தானே," என்றார்.

"எனக்கேன் அக்கா காசு, நான் கட்டுவன்தானே," என்றான் அவன்.

"சும்மா பிடியும். தையில என்ரை மகளின்ரை வளைகாப்பு. சாமான் கொஞ்சம் கூடவா இருக்கும்."

அவன் உறையை வாங்கினான். வாங்கும்போது அவன் முகத்தை நான் பார்த்தேன். சந்தோசம் இல்லை. விற்கப்பட்ட மாட்டின் முகம் அது. அதைப் பார்த்தும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேர்முகத்துக்கு என்னையும் துணைக்கு வரச்சொன்னான். வின்சன்ற் தொழிற்சாலை ஜேர்மன் நன்றாகப் பேசுவான். கந்தோர் ஜேர்மன் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு புதன் காலை, விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண்மணி. முப்பது வயது இருக்கும். வணக்கத்துக்குத் தலையைக்கூட உயர்த்தவில்லை. வேலை, சம்பளம், மனைவி, பயணக் கணக்கு என்று வரிசையாகப் போனது. நான் மொழிபெயர்த்தேன். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்தார். முதலில் அட்டை எடுத்தபோது இந்தத் தாள் இருக்கவில்லை.

"கடந்த இரண்டு வருடத்தில் எங்கள் வழியால் மற்றவர்களுக்காக ஏதாவது பொருள் கொண்டுபோனீர்களா?"

நான் தமிழில் கேட்டேன். வின்சன்ற் மேசையைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அண்ணை, கொண்டுபோனனான்," என்றான்.

நான் அந்தப் பெண்மணியைப் பார்த்து, "இல்லை என்கிறார்," என்றேன்.

சத்தியம் செய்து முத்திரை வாங்கிய மொழிபெயர்ப்பாளன் நான். இருபது வருடத்தில் ஒரு சொல்லை மாற்றியதில்லை. அன்று மாற்றினேன். அவனுக்காகத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அந்தப் பையில் என்னுடைய பார்சலும் போயிருக்கிறது. ஈஸ்ட்ஹாமில் இருக்கிற என் தங்கச்சி பத்மாவுக்கு, பதினொரு தடவை. குக்கர்க்காரியைத் திட்டிக்கொண்டே, வியாழக்கிழமைகளில் நானும் அவன் கதவைத் தட்டியவன்தான்.

அந்தப் பெண்மணி 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டுத் தாளை வின்சன்ற்றின் பக்கம் திருப்பிக் கையெழுத்துக்குப் பேனையை நீட்டினார். அவன் பேனையை எடுக்கவில்லை.

"டொஹ்," என்றான்.

ஜேர்மன்காரருக்கு இது பெரிய வசதி. இல்லை என்று ஒருவர் சொன்னதை மறுத்து, அப்படித்தான் என்று சொல்ல அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். பெண்மணி முதல் தடவையாகத் தலையை உயர்த்தி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வின்சன்ற் தன் தொழிற்சாலை ஜேர்மனில் சொல்லிக்கொண்டே போனான். தூள், கருவாடு, சட்டை, சட்டி, குக்கர். எத்தனை தடவை என்று கேட்டார். எல்லாத் தடவையும் என்றான். யார் தந்தது என்று கேட்டார். அதற்கு வாயைத் திறக்கவில்லை. மூன்று தரம் கேட்டும் திறக்கவில்லை.

"நீங்கள் ஏன் இல்லை என்று மொழிபெயர்த்தீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றேன். அவர் என் பெயரை ஒரு தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அந்த வருடத்துக்குப் பிறகு விமான நிலையத்திலிருந்து எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலைகூட வரவில்லை.

காரில் ஏறியதும் வெடித்தேன்.

"உனக்கு மூளை பிசகிப் போச்சோ? ஒரு கையெழுத்து. போட்டிட்டுப் பேசாமல் வாறதுக்கு என்ன?"

"எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லீனம் அண்ணை."

"இவ்வளவு நாளும் வாயால சொன்னது மட்டும் உண்மையோ?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "போன முறை போய்க் கதவைத் தட்டினன். நடாலிதான் திறந்தவள். வாங்கோ அப்பா எண்டு சொல்லேல்ல. இண்டைக்கு ஆற்றை சாமான் கொண்டு வந்தனீங்கள் எண்டு கேட்டவள். அட்டை இருந்தா சனம் விடாது அண்ணை. எனக்கு வேற வழி தெரியேல்ல."

"அப்ப வெள்ளிக்கிழமை? அதுக்கு என்ன செய்யப்போறாய்?"

"வெள்ளி போகும்தான்," என்றான்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வீடு வரைக்கும் அவனோடு பேசவில்லை. அதன் பிறகும் பேசவில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அனுமதி மறுக்கப்பட்டது, மூன்று வருடத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது, கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. ஊர் அதைத் தன் வசதிப்படி வாசித்தது. வின்சன்ற் எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிட்டான், பொலிஸ் இப்போது பெயர்ப்பட்டியலோடு அலைகிறது என்று கதை. அவன் ஒரு பெயரையும் சொல்லவில்லை என்பது தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாய் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அறையில் நான் சொன்ன 'இல்லை'யும் வெளியே வரும். பேசாமல் இருந்துவிட்டேன்.

கமலாம்பிகை அக்கா போட்ட காசைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். நிறுவனம் விழுங்கிய காசுக்கு அவன் என்ன செய்வான்? ஆனாலும் அடுத்த சம்பளத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் தானே நடந்து போய்ப் பத்துப் பத்து யூரோவாகக் கொடுத்தான். வேண்டாம் என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. என் வீட்டுக்கும் வந்தான். என் மனைவி வாங்கி வைத்தாள். அந்த வருடம் கலியாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு என்று ஒன்றுக்கும் அவனுக்கு அழைப்புப் போகவில்லை. தமிழ்ப் பூசைக்குத் தேவாலயம் போனால் அவன் இருக்கிற வாங்குப் பலகையில் மற்றவர்கள் இருக்கமாட்டார்களாம். பேருந்தில் கண்டால் நானும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாதாரண வரிசையில் நின்று இரண்டு வெள்ளிக்கிழமை முயன்று பார்த்து, இரண்டு தடவையும் விமானத்தைத் தவறவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு சனி காலை விமானத்தில் போகத் தொடங்கினான். ஈஸ்ட்ஹாமில் கால் வைக்கிறபோது மத்தியானம் ஆகிவிடும். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

அடுத்த வருடம் ஒரு கலியாணத்துக்காக நான் லண்டன் போனேன். தங்கச்சி பத்மா வீட்டில் தங்கினேன். திரும்புகிற நேரத்தில் பத்மா என் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து வைத்தாள். டார்ம்ஸ்டாட்டில் இருக்கிற அவளுடைய மச்சாள்மாருக்குப் பட்டுச்சேலைகள், எட்டுக் கிலோ. என் பெட்டி ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

"அண்ணை, வின்சன்ற் இண்டைக்கு வந்திருப்பான். நாளைக்குத்தானே திரும்புறான். அவனிட்டைக் குடுத்துவிட்டால் என்ன?" என்றாள்.

ஒரு வருடமாக அவனோடு பேச்சில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போகிற வழியில் ஒத்திகையும் பார்த்தேன். பழையதை மறப்பம் தம்பி, எண்டாலும் நீ செய்தது பிழைதான், என்று தொடங்கலாம். மன்னிக்கிறவன் நான் என்ற நினைப்பில் மழைத்தூறலில் நடந்தேன்.

மணியை அடித்தேன். மேலேயிருந்து படியில் ஓடி வருகிற சத்தம். கதவு சங்கிலியோடு கொஞ்சம் திறந்தது. நடாலி. பத்து வயது, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். மேலே வின்சன்ற்றின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கடதாசிச் சீட்டு விளையாடுகிறார்கள் போலும். தகப்பன் களவு விளையாட்டு விளையாடுகிறார் என்று பையன் கத்திக்கொண்டிருந்தான். டார்ம்ஸ்டாட்டில் அவனை நான் இருபது வருடமாக அறிவேன். அவன் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

நடாலி என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள்.

"நீங்கள் பார்சல் ஆளோ?"

"இல்லைப் பிள்ளை. நான் அப்பாவின்ரை சிநேகிதன். ஜேர்மனியில இருந்து வாறன்."

"அப்ப இது?"

மூன்று மொழியில் பேசி உழைத்துச் சாப்பிடுகிறவன் நான், எனக்கு ஒரு மொழியிலும் சொல் வரவில்லை. அவள் கோபப்படவில்லை. வீட்டுச் சட்டத்தைச் சொல்கிற மாதிரி, ஆறுதலாகச் சொன்னாள். "பையை வெளியில வைச்சிட்டு உள்ளுக்கு வாங்கோ அங்கிள். அப்பா நிக்கிறார்."

சொல்லிவிட்டுச் சங்கிலியைக் கழற்றிக் கதவை அகலத் திறந்து பிடித்தாள். மேலேயிருந்து, "ஆரம்மா அது?" என்று வின்சன்ற் கேட்டான். வாசற்படி நனைந்திருந்தது. பைக்குள் எட்டுக் கிலோ பட்டு. அதை அங்கே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் மேலே போயிருக்கலாம். காட்டிக்கொடுக்காதவன் அவன், காட்டிக்கொடுத்தவன் நான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

"பிறகு வாறன் பிள்ளை," என்று சொல்லி, பையோடு திரும்பி நடந்தேன்.